பஜார் தெருவில் பாதி ஷட்டர்

திருப்பதியில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் கதவுக்குப் பின்னால் ஓர் இரும்புக் கம்பி சாய்ந்து நிற்கிறது. ஆள் உயரம், நுனியில் கொக்கி. கடை ஷட்டரை இழுத்து இறக்குவதற்கானது. பரணிலிருந்து பை எடுக்க உதவும் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய்தான். பெருக்கும்போதெல்லாம் காலில் விழுந்து தொலைக்கிறது. ஆனாலும் பழைய இரும்புக்காரனிடம் போட மனம் வரவில்லை.

அது என் மாமனாருடையது. சித்தூர் பஜார் தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்தார். நகரியிலிருந்து நான் மருமகளாக வந்த காலத்தில் அந்தத் தெருவைக் குறுக்கே கடப்பதே பெரும்பாடு. புத்தூர், பலமநேர் பக்கத்துக் கல்யாண வீட்டார் வேன் பிடித்து வருவார்கள். புடவை ஒரு கடையில், பாத்திரம் எங்கள் கடையில், பத்திரிகை எதிர் அச்சகத்தில் என்று முடித்துக்கொண்டு, மூலைக் கொட்டகையில் சினிமாவும் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்கள். தெலுங்கில் விலை கேட்டு, தமிழில் பேரம் பேசுவார்கள். நான் சாப்பாடு கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் பாதி ரசம் கூடைக்குள் கொட்டியிருக்கும்.

அப்பேர்ப்பட்ட தெரு ஒரே ஒரு காரியத்துக்கு அடங்கும். பாடை வரும் மேளம் கேட்டால் இரண்டு பக்கமும் ஷட்டர்கள் வரிசையாகப் பாதி இறங்கும். பாடை கடந்ததும் ஏறும். செத்தது யார் என்றுகூடக் கேட்க மாட்டார்கள். ஒருநாள் நான் முழுவதும் இறக்கப் போனேன். மாமா பதறிப்போனார்.

"பாதி போதும்மா. முழுசா மூடிட்டா, இன்னாடா கடையெல்லாம் போச்சான்னு செத்தவனே பயந்துடுவான்" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் இல்லை.

பிறகு தெருவை அகலப்படுத்தப் போவதாகச் சொல்லி யாரோ அளந்து, சுவர்களில் சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். இடியப் போகும் சுவருக்கு யார் வெள்ளையடிப்பார்கள்? ஒவ்வொருவராக பைபாஸ் பக்கம் கடை பார்த்துக்கொண்டு போனார்கள். கல்யாண வீட்டார் வேலூருக்கும் திருப்பதிக்கும் போனார்கள். கொட்டகை குடோன் ஆனது. கடைசிவரை இடிக்கவும் இல்லை. இடித்திருந்தால்கூட ஒரு பாட்டம் அழுது ஓய்ந்திருப்போம். கோடு மட்டும் வெளுத்துப்போய் இன்னும் இருக்கிறது. நினைத்தாலே அலுப்பாக இருக்கிறது.

எங்கள் கடையையும் மூடிய பின் மாமா மூன்று வருடம் படுக்கையில் கிடந்தார். அவர் கேட்டது ஒன்றுதான். "என்னை பஜார் வழியா எடுத்துக்கினு போங்க."

அவர் போன அன்று என் வீட்டுக்காரர் தயங்கினார். "அங்க யாரு கீறாங்க? எல்லாக் கடையும் மூடிக் கெடக்குது. நைனாவ அந்த வழியா கொண்டுகினு போயி இன்னா காட்டறது?"

வீட்டுக்காரர் கேட்டதில் தப்பில்லை. மூடியே கிடக்கும் ஷட்டர் எப்படி இறங்கும்? "மாமா ஆசைப்பட்டு கேட்டதுங்க. அப்படியே போங்க" என்று மட்டும் சொன்னேன்.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. பாடையை எடுத்ததும் நான் சாவியும் கம்பியுமாகச் சந்து வழியாக ஓடினேன். கடையைத் திறந்தால்தானே பாதி இறக்க முடியும். பூட்டு திறந்தது. ஷட்டர் இடுப்பளவு ஏறி நின்றுவிட்டது. தோளைக் கொடுத்துத் தூக்கினேன், கொக்கியை மாட்டி உலுக்கினேன். துரு கண்ணில் கொட்டியது. மேளச் சத்தம் கிட்டே வந்துவிட்டது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கொள்ளிச் சட்டியோடு முன்னால் வந்த என் வீட்டுக்காரர் கடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பாதி எறங்கிக்கீது. விடு" என்றார். நான் கம்பியைப் பிடித்தபடி ஒதுங்கி நின்றேன். மாமா போனார்.

அந்த ஷட்டரை அதற்குப் பிறகு யாரும் நகர்த்தவில்லை. உள்ளே எடுக்க எதுவும் இல்லை.

போன வாரம் எங்கள் மாடியில் எதிர் வீட்டுப் பெரியவர் இறந்துவிட்டார். லிஃப்டில் இறக்கப் போகிறார்கள் என்று சொன்னார்கள். மற்ற வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எங்கள் கதவைத் திறந்து வைப்பதா, மூடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. பாதி சாத்தினேன். பின்னாலிருந்த கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, லிஃப்ட் கீழே போகும்வரை நின்றேன்.