மணவாள நகர் பஸ்ஸின் அட்மிரல்

மே முப்பத்தொன்றாம் தேதியோடு யேசுதாஸுக்கு வேலை முடிகிறது. அதற்குள் ஒரு நாளாவது கம்பெனி பஸ்ஸின் முதல் இருக்கையில் உட்கார்ந்துவிட வேண்டும். இருபத்தைந்து வருஷ உழைப்புக்கு அவர் கேட்டது அவ்வளவுதான்.

அந்த பஸ் காலை ஆறே முக்காலுக்கு மணவாள நகரில் புறப்பட்டு, பெரியபாளையம், ஆரணி, கவரைப்பேட்டை என்று ஆள் ஏற்றிக்கொண்டு, கும்மிடிப்பூண்டியில் வால்வு செய்கிற தொழிற்சாலை வாசலில் நிற்கும். மாலையில் அதே வழியில் திரும்பும். மற்ற பஸ்களில் முதலில் ஏறியவர் முதலில் உட்காருவார். இதில் அது நடக்காது. காரணம் யேசுதாஸ்.

தொழிற்சாலைக்கு வருமுன் அவர் பதினைந்து வருஷம் கடற்படையில் இருந்தவர். பீரங்கிப் பக்கம் போனதில்லை. விசாகப்பட்டினத்தில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. அதிகாரிகளின் பதவி உயர்வுக் கோப்பும் ஓய்வுக் கோப்பும் அவர் மேசையைத் தாண்டித்தான் போகும். யார் எந்தத் தேதியில் கேப்டன் ஆனார், யார் கமோடோரோடு நின்றுபோனார், வைஸ் அட்மிரல் அறுபது வயதில் போக வேண்டும், தளபதி அறுபத்திரண்டு வயதில் அல்லது மூன்று வருஷத்தில், எது முந்துகிறதோ அதில் போக வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். அவர் தோளில் மட்டும் தங்கக் கோடு ஒன்றும் ஏறவில்லை.

2001-இல் பஸ்ஸில் ஏறியவர் ஆறு மாதம் இடச்சண்டையைப் பார்த்தார். பிறகு நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எட்டு விதிகளை எழுதிக்கொண்டு வந்து வாசித்தார். ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை இருக்கை அட்மிரலுக்கு. எதிர்ப்பக்கம், வாசலை ஒட்டியது வைஸ் அட்மிரலுக்கு. அதற்குப் பின்னால் ரியர் அட்மிரல். இப்படியே கமோடோர், கேப்டன் என்று இறங்கி, பின்சக்கரத்தின் மேல் தூக்கிப் போடும் கடைசி வரிசை பயிற்சி ஆட்களுக்கு. வேலையில் சேர்ந்த தேதிதான் கணக்கு. மேலே ஒருவர் ஓய்வு பெற்றால் கீழே எல்லோரும் ஓர் இருக்கை முன்னே வரலாம். சண்டை நின்றது. கிரீஸ் அப்பிய சட்டையோடு ஏறுகிறவர்கூட கமோடோரைத் தாண்டும்போது லேசாகக் குனிந்து போக ஆரம்பித்தார்.

பதினோரு வருஷமாக அட்மிரல், லேத் பிரிவு சடையப்பன். யேசுதாஸைவிட நான்கு நாள் முன்னால் வேலைக்குச் சேர்ந்தவர். எல்லா ஜன்னலுக்கும் கம்பெனி நீலத்திரை போட்டிருந்தது. முதல் ஜன்னலில் மட்டும் கம்பி உடைந்துவிட்டதால், சடையப்பன் தன் பச்சைத் துண்டை இரண்டு கிளிப் போட்டு மாட்டிக்கொள்வார். ரியர் அட்மிரலும் அதற்கு மேலே உள்ளவர்களும் தனிக்கொடி பறக்கவிடும் உரிமை உள்ளவர்கள் என்று யேசுதாஸ் விளக்கியதிலிருந்து அது துண்டு இல்லை, கொடி. எதிரே வைஸ் அட்மிரல் இருக்கையிலிருந்து அதைப் பார்க்கும்போதெல்லாம் யேசுதாஸுக்கு வயிறு எரியும்.

சடையப்பன் எப்போது போவார்? அங்கேதான் சிக்கல். இருவரும் ஆரணிப் பக்கம் ஒரே பள்ளியில் ஒரே வகுப்பு. சேர்க்க வந்த பெற்றோர் யாருக்கும் பிள்ளையின் தேதி தெரியவில்லை. தலைமையாசிரியர் முப்பத்தெட்டுப் பேருக்கும் ஜூன் ஒன்று என்று ஒரே தேதியை எழுதி, மதியச் சாப்பாட்டுக்குள் வேலையை முடித்துவிட்டார். ஒன்றாம் தேதி பிறந்தவருக்கு முந்தைய மாதக் கடைசி நாளில் ஓய்வு. ஆகவே, இருவரும் ஒரே நாளில் போகிறார்கள். மேலே இடம் காலியாகும் நொடியில் கீழே இருப்பவரும் காலி.

"சடையா, நீ என்னைவிட ரெண்டு வயசு பெரியவன்டா. எங்கம்மாவே சொல்லும்."

"உங்கம்மா சொல்றதை எச்.ஆர். கேக்குமா?"

யேசுதாஸ் பழைய வரலாற்றில் தேடினார். இங்கிலாந்துக் கடற்படையில் ஒரு காலத்தில் கேப்டனுக்கு மேலே வெறும் மூப்புதான் ஏணி. சாகாமல் இருந்தால் போதும், அட்மிரல். மேலே கிழங்கள் அடைத்துக்கொண்டதால் 1747-இல் ஒரு வழி கண்டார்கள். வேண்டாத கேப்டனுக்கு ரியர் அட்மிரல் பதவி கொடுப்பது, ஆனால் கப்பல் கொடுப்பதில்லை. கடற்படையின் அணிகள் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்றுதான். இல்லாத மஞ்சள் அணிக்கு இவர்கள் அட்மிரல்கள் என்று ஊர் சிரித்தது. பதவி உண்டு, இடம் இல்லை.

மே மாதம் நடுவில், பஸ் பெரியபாளையத்தில் நின்றபோது யேசுதாஸ் எழுந்து நின்றார்.

"சடையப்பன் பதினோரு வருஷம் அட்மிரலா இருந்துட்டாரு. அவருக்கு மேல ஒரு பதவி தரணும். அட்மிரல் ஆஃப் தி ஃப்ளீட். அந்தப் பதவிக்கு ஓய்வே கிடையாது, ஆயுசுக்கும். டிரைவர் பக்கத்துல தனி சீட்."

டிரைவர் ரகு திரும்பினார். "எம் பக்கத்துல எங்கண்ணே சீட்டு? என் சாப்பாட்டுக் கூடைதான் கீது."

"கூடையை எடு."

சடையப்பன் சண்டை போடுவார் என்று பஸ் காத்திருந்தது. அவரோ துண்டை உருவி மடித்துக்கொண்டே எழுந்தார். "சரி, வெச்சிக்கோ."

"இன்னாப்பா இவ்ளோ சீக்கிரம் ஒத்துகினாரு?" என்றார் ரகு.

யேசுதாஸ் முதல் இருக்கையை நோக்கி ஒரு அடி வைத்தார்.

"அண்ணே, ஒரு நிமிஷம்." குரல் ரியர் அட்மிரல் இருக்கையிலிருந்து வந்தது. தரச் சோதனைப் பிரிவு மெர்சி. "விதி ஒம்பது."

யேசுதாஸின் கால் நின்றது. விதி ஒன்பதை அவரே ஐந்து வருஷம் முன்னால் எழுதினார். ஸ்டோர் அன்புராஜ் தாமதமாக வேலைக்குச் சேர்ந்ததால் கடைசி வரிசையில் இருந்தவர்; இடுப்பு வலி, ஓய்வுக்கு நான்கு மாதம்தான் பாக்கி என்று சொல்லி, காலியான மூன்றாவது இருக்கையைக் கேட்டார். "கொஞ்ச நாளுக்கு இன்னாத்துக்குப் பதவி" என்று யேசுதாஸ் மறுநாளே எழுதினார்: ஆறு மாதச் சேவை மீதம் இல்லாதவருக்குப் பதவி உயர்வு இல்லை. அன்புராஜ் கடைசிவரை பின்சக்கரத்தின் மேலேயே குதித்துக்கொண்டு போனார். அந்த இருக்கைக்கு வந்தவர்தான் மெர்சி.

"உங்களுக்கு இன்னும் ரெண்டு வாரம்தான் கீது," என்றார் மெர்சி. "அடுத்தது நான்."

நோட்டைத் திறந்து பார்த்தார்கள். விதி ஒன்பது அவர் கையெழுத்தில் அழகாக இருந்தது. "ரைட்," என்று சொல்லி யேசுதாஸ் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

மெர்சி அட்மிரல் ஆனார். மூன்றாம் நாளிலிருந்து முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு வந்தார். பதவி வந்ததும் முகம்கூடக் காட்டமாட்டேன் என்கிறதே என்று யேசுதாஸ் நினைத்தார்.

முப்பத்தொன்று ஞாயிற்றுக்கிழமை. ஆகவே, சனிதான் கடைசி நாள். வெள்ளி மாலை இறங்கும்போது மெர்சி சொன்னார்: "அண்ணே, நாளைக்கு நான் லீவு. விதி பன்னெண்டு. மேல இருக்கறவங்க லீவுன்னா அடுத்தவங்க அந்த இடத்துல ஆக்டிங். அதுக்கு ஆறு மாசக் கணக்கு இல்லை."

"எனக்காகவா லீவு போடறே?"

மெர்சி ஏதோ சொல்ல வந்து, "ஆமாண்ணே," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை யேசுதாஸ் சலவைச் சட்டையில் வந்தார். ஏறினார். உட்கார்ந்தார். பஸ் கைதட்டியது. பெரியபாளையம் தாண்டுமுன் வலது கன்னம் சுட்டது. ஆரணியில் காது எரிந்தது. கவரைப்பேட்டையில் பஸ் வடக்கே திரும்பியதும் கிழக்கு வெயில் முழுசாக ஜன்னலில் இறங்கி, சட்டைப்பையில் இருந்த பேனாவில் மை கசிந்தது. முன்னால் இன்ஜின் வேறு அடுப்பாகக் காந்தியது.

"டேய் சடையா! தினமும் இப்படித்தானா?"

"காலையில இந்தப் பக்கம் வெயில். துண்டு பாதிதான் மறைக்கும். சாயங்காலம் திரும்பி வரும்போதும் இதே பக்கம்தான்."

"பதினோரு வருஷம் காஞ்சிகினு வந்தியேடா, ஒரு வார்த்தை சொல்லலையே?"

"சொன்னா அப்புறம் யாருடா குனிஞ்சிட்டுப் போவாங்க?"

சாயங்காலம் மாலையும் சந்தனமுமாக இருவரும் ஏறினார்கள். வெயில் சொன்னபடியே வந்து சேர்ந்தது. சடையப்பன் பையிலிருந்து பச்சைத் துண்டையும் கிளிப்பையும் எடுத்து நீட்டினார். "இந்தா, மாட்டு. கொடி இல்லாம அட்மிரல் போகக்கூடாது."

யேசுதாஸ் துண்டைப் பார்த்தார். மடியில் இருந்த நோட்டைப் பார்த்தார்.

"ஆக்டிங்குக்குக் கொடி கிடையாதுடா," என்று சொல்லி, மணவாள நகர் வரை வெயிலிலேயே வந்தார்.

திங்கட்கிழமை மெர்சி தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். முதல் இருக்கையில் இப்போது எல்லோருடைய சாப்பாட்டுப் பைகளும் வருகின்றன. மதியம் வரை சோறு சூடாகவே இருக்கிறதாம்.