மூன்று தடவை களைந்த கிழங்கு

யுத்தத்தால் பர்மா அரிசி நின்றுபோன வருஷம் அது. திருவனந்தபுரத்தில் நானும், எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து நண்பன் ஒருவனும் காலேஜ் படிப்புக்காக ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தோம். சமையல் என் பொறுப்பு. அதில் கரைகண்டவன் என்கிற நினைப்பு வேறு எனக்கு! தெரிந்ததெல்லாம் சோறு வடிப்பதும், வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிப்பதும்தான். கஞ்சியைக் கீழே கொட்டினால் எங்கள் அம்மா வீட்டையே இரண்டாக்கிவிடுவாள்.

நண்பனுக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாளாக வயிற்றில் ஒன்றுமில்லை. "கொஞ்சம் கஞ்சி காச்சித் தாலே" என்று முனகினான். ரேஷன் அரிசி தீர்ந்துபோயிருந்தது. சாலைக் கடைத்தெரு முழுக்க அலைந்தும் ஒரு பிடி கிடைக்கவில்லை. மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்குதான் இருந்தது. அதுவரை நான் அதைச் சமைத்ததே இல்லை.

விற்ற அம்மாள் சொன்னாள்: "இது கைப்பு உள்ள கிழங்காக்கும் பிள்ளே. மூணு தரம் வெள்ளம் களையணும், கேட்டியா?"

வெள்ளம் என்றால் அந்த ஊரில் தண்ணீர்; அது எனக்குத் தெரியும். இதென்ன பெரிய வித்தை? அரிசி களையத் தெரியாதவனா நான்? தோலுரித்து நறுக்கி, மூன்று தடவை நன்றாக அலசிக் களைந்து வேகவைத்தேன். தண்ணீர் வெள்ளையாக, கஞ்சி போலவே வந்தது. அதை வடித்து, உப்புப் போட்டு, ஆற்றி, அவன் தலையைத் தாங்கிப் பிடித்துக் கொடுத்தேன்.

"கசக்குதுலே."

"காய்ச்சக்காரன் வாய்க்கு எல்லாம் கசக்கத்தாம்லே செய்யும். குடி!" என்று அதட்டினேன். பாவி, இரண்டு டம்ளர் குடித்தான்.

கொஞ்ச நேரத்தில் வாந்தி. கண் செருகியது, மூச்சு இழுத்தது. ஜட்கா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

"கிழங்கு வெள்ளம் களைஞ்ஞோ?" என்றார் டாக்டர்.

"மூணு தடவை களைஞ்சேன் சார். வேகவச்ச தண்ணியைத்தான் கஞ்சியாக் குடுத்தேன்."

"எடோ, இவிடே களையுறதுன்னா தூரக் கொட்டுறது! அந்த வெள்ளத்திலல்லவா விஷம்!"

சாயங்காலம் அவன் போய்விட்டான்.

மறுநாள் அவன் அப்பா வந்தார். டாக்டர் சொல்வதற்குமுன் நானே சொல்லிவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"கடைசியா என்ன சாப்பிட்டான்யா?"

"கஞ்சி" என்றேன்.

"வெறும் வயித்தோட போகலையே எம்பிள்ளை. நீ நல்லா இருக்கணும்யா" என்று என் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். டாக்டர் அறைப் பக்கம் போகாத வழியாக அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.