அரிவாள் போட்ட நோட்டு

அறுவடைக் கூலிக்காகச் சங்கம் நிலக்காரர்களோடு மல்லுக்கட்டிய வருஷம் அது. நன்னிலம் பக்கத்தில் எங்கள் தெருவில் விடிந்தால் போலீஸ் ஜீப்தான். அப்பா சங்கத்துக்காரர். பிடித்தால் கையைக் காலை முறித்துவிடுவார்கள் என்று அம்மா புலம்புவாள். அன்று காலை ஜீப் சத்தம் கேட்டதும் அப்பா கொல்லை மாட்டுக்கொட்டகையில் வைக்கோலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். எனக்கு அப்போது எட்டு வயது.

உள்ளே வந்த இன்ஸ்பெக்டர் கையில் முதலில் சிக்கியது அக்காவின் நோட்டு. எங்கள் தெருவிலேயே எம்.எஸ்ஸி. கணக்கு வரை போன ஒரே ஆள் அக்காதான். பக்கத்துக்குப் பக்கம் தொகையீட்டுக் குறிகள், நீளமாக, வளைந்து வளைந்து.

"என்னம்மா இது, வரிக்கு வரி அரிவாளா வரைஞ்சு வச்சிருக்க? சங்கத்து ரகசியமா?"

சத்தியமாக எனக்கும் அவை அரிவாளாகத்தான் தெரிந்தன. தொலைந்தோம் என்று நினைத்தேன்.

அக்கா சிரித்தாள். "கணக்கு சார். நீள்வட்டச் சார்புன்னு பேரு. உக்காருங்க, சொல்றேன்." வாசல் மண்ணில் விளக்குமாற்றுக் குச்சியால் கட்டம் கட்டமாகக் கோடு இழுத்தாள். கொல்லைப் பக்கம் கிளம்பிய இரண்டு போலீஸ்காரர்களையும், "அண்ணே, நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டாள். "ஒரு வயல் தெரிஞ்சா போதுங்க. கிழக்கே போனாலும் தெக்கே போனாலும் அதே வயல்தான் திரும்பத் திரும்ப வரும். உள்ள இறங்கவே வேணாம். வரப்பைச் சுத்தி நடந்தே விடையைச் சொல்லிப்புடலாம்."

அடேயப்பா! முடிவே இல்லாத வயற்காடு எங்கள் வாசலில் விரிந்துகொண்டே போனது. வயலின் வடிவத்தைத் தீர்மானிக்கும் அளவுரு கலப்பெண்ணானால் வயல் முழுக்கச் சாய்ந்துவிடுமாம். சாய்ந்தாலும் விடை வருமாம். அதற்கு வேறு வரப்பு, வேறு கோடு. போலீஸ்காரர்களும் விவசாய வீட்டுப் பிள்ளைகள்போல. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்கள். நான் அப்பாவையே மறந்துபோனேன். அதைச் சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது.

வெயில் ஏறிய பிறகுதான் கணக்கு முடிந்தது. "நல்லாப் படிம்மா" என்று இன்ஸ்பெக்டர் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். அப்புறம் கொட்டகையைக் கிளறினார்கள். வைக்கோல்தான் இருந்தது. அப்பா எப்போதோ வாய்க்காலைத் தாண்டியிருந்தார். சாமி காப்பாற்றியது என்று நம்பினேன்.

பதினைந்து வருஷம் கழித்து, கல்லூரியில் அதே கணக்கு எனக்கும் வந்தது. சாய்ந்த வயலோ நேர் வயலோ, எல்லாவற்றுக்கும் ஒரே வழிதான்.

அன்று வெயில் ஏறும்வரை அக்கா இழுத்த கணக்கு நாலே வரியில் முடிந்துவிட்டது.