கட்டாயம் என்று நான் வைத்த கட்டம்

போன குளிர்காலத்தில், தில்லியைப் புகை மூடியிருந்த ஒரு காலையில், என் ஏழு வயது மகளுக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. நானும் மனைவியும் மோதி பாக்கிலிருந்து ஆட்டோ பிடித்து ஓர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பதிவு கவுன்ட்டரில் நீண்ட வரிசை. எங்களுக்கு முன்னால் ஒரு கட்டடத் தொழிலாளி, விடாமல் இருமிய மனைவியைத் தாங்கிப் பிடித்தபடி நின்றார்.

அவர் முறை வந்ததும் கவுன்ட்டர் பெண் ஈமெயில் கேட்டார். அவரிடம் இல்லை. "அது இல்லாம சீட்டு வராது அண்ணா. என்னோடதைக் காலையிலயே ஒருத்தருக்குப் போட்டுட்டேன், மறுபடி எடுக்க மாட்டேங்குது" என்று அந்தப் பெண் இந்தியில் அலுத்துக்கொண்டார்.

கண்ணாடி வழியாகத் திரையைப் பார்த்தேன். நொய்டாவில் எங்கள் குழு எழுதிய மென்பொருள் அது. அதில் ஈமெயில் வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் எங்களிடம் கேட்கவே இல்லை. பின்னால் எதற்காவது உதவும் என்று அந்தக் கட்டத்தைச் சேர்த்து, கட்டாயம் என்று சிவப்பு நட்சத்திரமும் வைத்தவன் நான்தான். இன்றுவரை அது எதற்கும் உதவவில்லை.

வாய்க்கு வந்த ஒரு முகவரியை அடித்தாலே போதும், யாரும் சரிபார்ப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெட்கம் ஒரு பக்கம். அடுத்தது எங்கள் முறை என்பது இன்னொரு பக்கம்.

அந்தத் தொழிலாளி என் மகளைப் பார்த்தார். "நீங்க போங்க, சின்னக் குழந்தை" என்று இந்தியில் சொல்லி ஒதுங்கினார். பிறகு, ஈமெயில் உள்ள யாரையாவது தேடி மனைவியோடு வெளியே நடந்தார்.

"என்னங்க யோசனை? ஜல்தி சொல்லுங்க, பாப்பாவுக்கு மூச்சு முட்டுது" என்று மனைவி உலுக்கினாள். என் ஈமெயிலைச் சொன்னேன். சீட்டு வந்தது. முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்ததும் மகளுக்கு மூச்சு சீரானது. உடனே வெளியே ஓடிப்போய்த் தேடினேன். வாசல் வரை பார்த்தும் அவர்கள் இல்லை.

திங்கட்கிழமை அலுவலகத்தில் அந்தக் கட்டத்தோடு, அதுபோல யாரும் கேட்காத இன்னும் பத்துக் கட்டங்களையும் எடுத்துவிட்டேன். "நாளைக்குத் தேவைப்பட்டா?" என்றார் மேலாளர். "கேக்கும்போது சேத்துக்கலாம் சார்" என்றேன்.

இப்போதெல்லாம் எதையும் புதிதாகச் சேர்க்கும் முன், இதனால் யார் வரிசையை விட்டு விலக வேண்டியிருக்கும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கட்டத்தை நீக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் இருமிக்கொண்டிருந்த அந்த அம்மாவுக்கு அன்று சீட்டு கிடைத்ததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.