கிராணியிடம் ஏஸ் கேட்டேன்

எங்கள் தேயிலை எஸ்டேட்டின் மருந்தகத்தில் நான் டிரசராக இருந்தேன். காய்ச்சலுக்கு மாத்திரை, அட்டைக்கடிக்குக் களிம்பு, வேலைக்குப் போக மனமில்லாதவர்களுக்கு ஒருநாள் சீட்டு. இவற்றைக் கொடுப்பதும், கொடுத்ததைத் தேதி போட்டுப் பதிவேட்டில் எழுதுவதும் என் தொழில். ஓய்வு பெற்றதும் கொடுப்பது நின்றது. எழுதுவது நிற்கவில்லை. எழுத வேறு எதுவும் கிடைக்காததால், சனிக்கிழமைதோறும் ஸ்டாஃப் கிளப்பில் நாங்கள் ஆடும் பிரிட்ஜை எழுத ஆரம்பித்தேன். யாருக்கு என்ன சீட்டு வந்தது, யார் என்ன ஏலம் கேட்டார், மழை எத்தனை மணிக்குப் பிடித்தது எல்லாம் அதில் உண்டு. பதினோரு வருஷத்துக்குப் பதினோரு நோட்டு. இதுவரை யாரும் படித்ததில்லை. அதனால் தவறு இருப்பதாக யாரும் சொன்னதும் இல்லை.

பிரிட்ஜ் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. நான்கு பேர் ஆட்டம். எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு ஜோடி. ஆளுக்குப் பதிமூன்று சீட்டு. ஆடுவதற்கு முன் ஏலம் நடக்கும். எந்த இனம் துருப்பு, எத்தனை பிடி எடுப்போம் என்று ஜோடிகள் மாறி மாறிச் சொல்ல வேண்டும். ஏலத்தில் நான்கு என்றால் பத்துப் பிடி, ஆறு என்றால் பன்னிரண்டு, ஏழு என்றால் பதிமூன்றும். ஏன் அப்படி என்று கேட்பவர்கள் கேரம் ஆடலாம். பன்னிரண்டோ பதிமூன்றோ எடுப்போம் என்று முன்கூட்டியே சொல்லி எடுத்தால் அது ஸ்லாம், புள்ளி கொட்டும். சொல்லாமல் எடுத்தால், காய்கறிக்காரர் பையில் போடும் கறிவேப்பிலை அளவுக்கு ஏதோ கிடைக்கும்.

என் ஜோடி, எங்கள் எஸ்டேட்டின் பழைய பெரிய கிராணி, அதாவது தலைமைக் கணக்கர். அவர் வாழ்நாளில் கறிவேப்பிலையைத் தவிர வேறெதையும் வாங்கியதில்லை.

குறை அவருடையது அல்ல, எஸ்டேட்டுடையது. ஒவ்வொரு மாதமும் எவ்வளவு கொழுந்து வரும் என்று அவர் எஸ்டேட் மேனேஜரான துரைக்கு எஸ்டிமேட் அனுப்ப வேண்டும். வரவு எஸ்டிமேட்டுக்குக் குறைந்தால் துரை கூப்பிட்டு நிற்கவைத்துக் கேட்பார். கூடினால் ஒன்றும் கேட்கமாட்டார். புத்தியுள்ள எந்தக் கிராணியும் என்ன செய்வாரோ அதையே இவரும் செய்தார், குறைத்து எழுதினார். இவர் குறைக்கிறார் என்பது துரைக்குத் தெரியும், அதனால் அவர் கொஞ்சம் கூட்டிக்கொள்வார். துரை கூட்டுகிறார் என்பது கிராணிக்குத் தெரியும், அதனால் இன்னும் கொஞ்சம் குறைப்பார். இப்படி முப்பது வருஷம், உண்மையான எண் ஒன்று எந்தத் தாளிலும் ஏறாமலேயே, உலகம் பாராட்டும் தேயிலை இந்த மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

அதே கை இப்போது சீட்டுப் பிடிக்கிறது. நான்கு கேட்டுவிட்டுப் பன்னிரண்டு பிடி எடுத்தால் அவருக்குப் பேரானந்தம். “எஸ்டிமேட்டுக்கு மேலயே ரெண்டு வந்துருச்சு டிரசரே,” என்பார். அந்த இரண்டு பிடிக்குள் ஒரு ஸ்லாம் செத்துக் கிடப்பதைச் சொன்னால், துக்கம் விசாரிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு அடுத்த சீட்டைக் கலைப்பார்.

எனக்கோ எப்போதும் இரண்டு இனத்தில் நீளமான, பலமான கைதான் வரும். ஆறு இஸ்பேட், ஐந்து ஆட்டின் என்று. ஒரே இனத்தில் பலம் என்றால் உரக்கச் சொல்லிவிட்டுப் போகலாம். இரண்டு என்றால் ஒன்றைச் சொல்லி, எதிராளி வாயை அடைப்பதற்குள் மற்றதையும் சொல்லி, இரண்டில் எது பிடித்தது என்று ஜோடி சொல்லும்வரை பொறுத்திருந்து, அப்புறம்தான் ஸ்லாமுக்கு ஏற வேண்டும். இதைப் பற்றிப் புத்தகங்கள் பல படித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் எதிரே உட்கார்ந்திருப்பவர் உண்மை பேசுபவராகவே இருக்கிறார்.

ஸ்லாமுக்கு ஏறும்போது ஜோடியிடம் எத்தனை ஏஸ் இருக்கிறது என்று கேட்க ஒரு வழி உண்டு. நான்கு நோ டிரம்ப், அதாவது துருப்பில்லா ஆட்டம், என்றால் கேள்வி. ஐந்து கிளாவர் என்றால் ஒன்றுமில்லை, ஐந்து டைமண்ட் என்றால் ஒன்று, ஐந்து ஆட்டின் என்றால் இரண்டு. இதில் சமத்காரத்துக்கு இடமே இல்லை என்றுதான் கண்டுபிடித்தவர்கள் நம்பியிருப்பார்கள். அவர்கள் எங்கள் கிராணியைப் பார்த்ததில்லை. கையில் இரண்டு ஏஸ் இருந்தால் அவர் ஒன்று என்பார். “ஒண்ணு ரிசர்வுல இருக்கட்டுமே. எல்லாத்தயும் காட்டிட்டா அப்பறம் கைல என்ன இருக்கும்?” இப்படி மறைத்தது ஏழு முறை, ஏழும் என் நோட்டில் இருக்கின்றன. ஆறாவது நோட்டிலிருந்து, அவர் ஏலத்துக்குப் பக்கத்தில் ‘திருத்தம்’ என்று ஒரு கட்டம் போட்டு, உண்மையில் என்ன இருந்தது என்பதைச் சிவப்பில் எழுதிவந்தேன்.

இவ்வருஷம் தைப்பூசம் முடிந்த வாரம், மலைமேல் தானா ராத்தா டவுனில் மருந்துக்கடை வைத்திருக்கும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். எங்கள் ஆட்டத்துக்குச் செயலாளர் அவர்தான்.

“டிரசரண்ணே, குவாந்தான் மாநிலப் போட்டிக்குப் பேரு அனுப்பணும். மலையிலேருந்து ஒரு ஜோடிதான் எடுத்துக்குவாங்களாம். என்னால கடையப் பூட்டிட்டு வரமுடியாது. நீங்களும் ஓட்டல் தம்பியும் போங்களேன்.”

ஓட்டல் தம்பி என்பவர் பிரிஞ்சாங்கில் ஒரு ஓட்டலின் வரவேற்பறை மேனேஜர். ஈப்போவிலிருந்து வந்து எட்டு மாதம் ஆகிறது. இருப்பதைச் சொல்வார், சொன்னதை எடுப்பார். மருந்துக்கடைக்காரம்மாவின் ஜோடி.

“அப்ப கிராணியாரு?”

“அவரு இங்கயே ஜாலியா ஆடட்டும்லா. அங்க போயி நாலு கேட்டுட்டு உக்காந்திருந்தா மலைக்குத்தான் கெட்ட பேரு.”

கிராணிக்கோ குவாந்தானில்தான் மகள். அப்பா மலையில் நாற்காலியில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருக்கிறார் என்பது மகளின் நம்பிக்கை. இல்லை, ஒரு போட்டியில் ஆட வருகிறேன் என்று இவர் போன் போட்டுச் சொல்லிவிட்டார். காற்சட்டை ஒன்றைப் பிரிஞ்சாங் தையல்காரரிடம் கொடுத்து இடுப்பைப் பிடித்தும் ஆயிற்று.

“பிள்ளைங்களயும் கூட்டிட்டு வந்து பாக்கறேன்னு சொல்லிருக்கா,” என்றார் கிராணி என்னிடம்.

“என்னத்தப் பாக்க? நீங்க நாலு கேட்டுட்டுப் பன்னெண்டு பிடி எடுக்கறதயா?”

“எடுத்தமா இல்லயா?”

“கேக்காம எடுத்து என்ன பிரயோசனம்?”

“கேட்டுட்டு எடுக்காமப் போனா துரை கூப்புடுவாருலா.”

“அந்தத் துரை போயி எத்தன வருஷமாச்சு, கிராணியாரே.”

நான் பெருந்தன்மையோடு ஒரு நிபந்தனை வைத்தேன். வருகிற சனிக்கிழமை, ஒரே ஒரு ஸ்லாம். நாம் கேட்டு, எடுத்தால், இருவரும் குவாந்தான். இல்லையென்றால் நான் ஓட்டல் தம்பியோடு. கிராணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். “சரி, டிரசரே.”

அந்த வாரம் நடந்தது என் மனைவி மூலம் தெரியவந்தது. கிராணி சாப்பாட்டு மேசையில் சீட்டைப் பரப்பி வைத்துக்கொண்டு, “ரெண்டு இருக்கு. ரெண்டுன்னு சொல்லணும். ஒண்ணு இருக்கு. ஒண்ணுன்னு சொல்லணும்,” என்று தனக்குத்தானே பேசுகிறாராம். அவர் மனைவி கோயிலில் என் மனைவியைப் பார்த்து, டிரசரய்யாவிடம் இதற்கு மருந்து எதுவும் இருக்குமா என்று கேட்டிருக்கிறார்.

அந்தச் சனிக்கிழமை பள்ளி விடுமுறைக் காலத்தில் வந்தது. ஸ்ட்ராபெரி பறிக்க வந்த கார்கள் பிரிஞ்சாங்கிலிருந்து வரிசையாக நின்றதில் ஓட்டல் தம்பி ஐம்பது நிமிஷம் தாமதம், எழுதிவைத்தேன். மழை மூன்றேகாலுக்குப் பிடித்தது. வந்த சீட்டெல்லாம் குப்பை. ஒரு கையில் எட்டுப் பிடி, ஒரு கையில் ஒன்பது. ஒவ்வொரு முறை சீட்டுப் போடும்போதும் கிராணி வேட்பாளர்போல நிமிர்ந்து உட்கார்வதும், பிரித்துப் பார்த்ததும் தளர்வதுமாக இருந்தார். மருந்துக்கடைக்காரம்மா சுடுதண்ணீர் கேத்தலின் சுவிட்சைப் போட்டுவிட்டு, “இதான் கடைசிக் கை,” என்றார்.

எடுத்துப் பார்த்தேன். இஸ்பேட்டில் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கியோடு ஆறு. ஆட்டினில் ஏஸ், ராஜா, ஜாக்கியோடு ஐந்து. டைமண்டில் ஒரு பொடி, கிளாவரில் ஒரு பொடி.

ஒரு இஸ்பேட் என்று தொடங்குவதே நல்லது, இடம் மிஞ்சும் என்று புத்தகங்கள் சொல்லும். நான் ஒன்று என்றால் கிராணி பாஸ் என்று சொல்லிவிட்டுக் கேத்தலைப் பார்க்கப் போய்விடுவார். எனவே பலமான கை என்று அறிவிக்கும் இரண்டு கிளாவரில் தொடங்கினேன். எதிராளிகள் கடைசிவரை பாஸ். கிராணி இரண்டு டைமண்ட். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். நான் இரண்டு இஸ்பேட். அவர் இரண்டு நோ டிரம்ப். இஸ்பேட் எனக்கு வேண்டாம், மேலே சொல்லுங்கள் என்று. நான் மூன்று ஆட்டின்.

வழக்கமான கிராணியாக இருந்தால் நான்கு ஆட்டின் என்று சொல்லிக் கதையை முடித்திருப்பார். அன்று உதட்டை அசைத்துப் பார்த்துக்கொண்டு, “நாலு டைமண்ட்,” என்றார். ஆட்டின் எனக்கு நன்றாகப் பொருந்துகிறது, கூடவே டைமண்ட் ஏஸும் இருக்கிறது என்று அதற்குப் பொருள். பதினோரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து கேட்டிராத ஏலம். ஓட்டல் தம்பிகூடத் தலை நிமிர்ந்தார்.

நான் நான்கு நோ டிரம்ப் கேட்டேன். எத்தனை ஏஸ்?

“அஞ்சு டைமண்ட்.” ஒன்று.

என்னிடம் இரண்டு, அவரிடம் ஒன்று. கிளாவர் ஏஸ் வெளியே. ஆறு ஆட்டின் கேட்டால் ஒரு கிளாவரைக் கொடுத்துவிட்டு மற்ற பன்னிரண்டையும் அள்ளிக்கொண்டு வரலாம். ஒன்றாம் வகுப்புக் கணக்கு. ஆனால் நான் நிறையப் படித்தவன். பதினோரு நோட்டுக்குச் சொந்தக்காரன். சொல்வது கிராணி, ஒன்று என்றால் இரண்டு. ஏழு முறை சிவப்பில் எழுதியிருக்கிறேன்.

“ஏழு ஆட்டின்,” என்றேன்.

முதல் சீட்டை வைக்க வேண்டியவர் ஓட்டல் தம்பி. யோசிக்கவே இல்லை. கிளாவர் ஏஸை மேசை நடுவில் வைத்தார்.

ஆட்ட விதிப்படி கிராணி தன் சீட்டுகளை எல்லோரும் பார்க்க விரித்து வைத்தார். ஆட்டின் ராணியோடு நான்கு ஆட்டின். டைமண்ட் ஏஸ். கிளாவரில் மூன்று பொடிகள். மீதிப் பன்னிரண்டு பிடியையும் எடுத்தேன். அவற்றை எடுப்பதற்குப் பள்ளிக்கூடப் பிள்ளை போதும்.

“ஒண்ணுதான் இருந்துச்சு, டிரசரே,” என்றார் கிராணி. கோபம் இல்லை. சட்டைப்பையில் வைத்ததைக் காணாமல் தேடுகிறவர்போலச் சொன்னார். “ஒண்ணுன்னுதான சொன்னேன்?”

நான் நோட்டுகளைப் புரட்டி, அவர் ஏஸ் மறைத்த ஏழு சந்தர்ப்பங்களையும் வரிசையாகப் படித்துக் காட்டினேன். மழை நிலவரத்தோடு.

மருந்துக்கடைக்காரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இன்னிக்கு மறைச்சாரா?” என்றார்.

“இல்ல.”

“ஆறு கேட்டிருந்தா?”

“பன்னெண்டும் வந்திருக்கும்.”

“அப்ப ஸ்லாம்தான?”

“ஆமா.”

“அதயும் எழுதிக்கங்கண்ணே.”

எழுதிக்கொண்டேன். கிராணி தன் கோப்பையை எடுத்துக் கழுவப் போனார். தொட்டியருகில் நின்று கேத்தல் சுவிட்சை மறுபடி போட்டபடியே, “அப்ப நான் மவளுக்குப் போன் போட்டு வரவேணாம்னு சொல்லிடறேன்,” என்றார். கேட்டு, எடுத்தால் என்பதுதான் நிபந்தனை. நிபந்தனை என்னுடையது. அதைத் திருத்த வேண்டியவனும் நான்தான். வாயைத் திறந்தேன், ஓட்டல் தம்பி முந்திக்கொண்டார்.

“பெரியவரே, நீங்க என்கூட வர்றீங்களா?”

கிராணி திரும்பிப் பார்த்தார்.

“நீங்க ஒண்ணுன்னதும் நான் நம்பிட்டேன். டிரசரண்ணே ஆறுல நிப்பாரு, நாம தோத்தோம்னு சீட்டக் கீழ வைக்கப் பாத்தேன். எனக்கு இப்படி ஒருத்தர் எதிர்ல இருந்தாப் போதும்.”

“நான் எப்பவும் இப்படி ஆடமாட்டேன், தம்பி,” என்றார் கிராணி. உண்மை பேசும் பழக்கம் இன்னும் விடவில்லை. பிறகு என்னைப் பார்த்தார். “டிரசரே, நீங்க என்ன சொல்றீங்க?”

“போயிட்டு வாங்க,” என்றேன். அதைச் சொல்ல நான் எடுத்துக்கொண்ட நேரத்தில் கேத்தல் கொதித்துத் தானாகவே நின்றுவிட்டது.

ஓட்டல் தம்பியின் கார் பட்டறையில். கிராணி மலையைவிட்டுக் கார் ஓட்டிப் பழகாதவர். ஆகவே மாநிலப் போட்டிக்கு எங்கள் மலையின் ஜோடியை, மலையிறங்கும் சுங்கை கோயான் பாதையில் ஓட்டிக்கொண்டு போன பெருமை எனக்கு. பின் இருக்கையில் இருவரும் வழி முழுக்க ஏலம் பேசிக்கொண்டே வந்தார்கள். வளைவுகளைப் பற்றி மட்டும் என்னிடம் பேசினார்கள்.

குவாந்தான் புழுங்கியது. மண்டபத்தில் பார்வையாளர்களுக்கென்று போட்ட பத்து நாற்காலியில் நானும், கிராணியின் மகளும், அவள் பிள்ளைகள் இருவரும். பிரிட்ஜ் பார்ப்பதும் தேயிலை வாடுவதைப் பார்ப்பதும் ஒன்று. பிள்ளைகள் அரைமணி நேரத்தில் ஒருவர்மீது ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். மகள் மட்டும் அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க ஆடலயா, அங்கிள்?”

“இந்த வருஷம் ரெஸ்ட்மா.”

“அப்பா சொன்னாரு, உங்களுக்கு எப்பவும் கொஞ்சம் அவசரம்னு.”

“எப்பச் சொன்னாரு?”

அவள் யோசித்தாள். “எனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடியே சொல்வாரு.”

இடைவேளை மணி அடித்தது. கிராணி எங்களிடம் வந்து, பிடித்துத் தைத்த காற்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். “பசிக்குது டிரசரே, என்ன இருக்கு?” மகள் கொண்டுவந்த கறிபாப் பலகார டப்பாவை நீட்டினேன். இரண்டு தின்றார். தூங்கும் பேரன் தலையை ஒருமுறை தடவினார். மறுபடி மணி அடிப்பதற்குள் எழுந்து உள்ளே போய்விட்டார். ஓட்டல் தம்பி அங்கே தனக்கு எதிர் நாற்காலியை அவருக்காக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எத்தனை ஸ்லாம் கேட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.