மூட்டை எழுத்தில் இரண்டு முக்கோணிகள்

போன செவ்வாய்க்கிழமை செல்லத்துரை என்னைத் தேடி வந்தார். "அண்ணை" என்று கூப்பிட்டார். ஏதோ காரியம் இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அவர் என்னை அண்ணை என்று கூப்பிட்டு இரண்டு வருஷம் ஆகிறது. நடுவில் நான் வெறும் "ஸ்டோர்க்காரன்".

வாராவாரம் இதைப் படிக்கிறவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். புதிதாக வந்தவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கண்டிக்குப் பக்கத்தில், மகாவலிக் கரையில் ஒரு கோப்பி ஸ்டோர். அங்கே மூட்டைக்கு எழுத்து அடிக்கிறவன் நான். கறுப்புப் பெயின்ட், தகர அச்சு. தோட்டத்துக்கு எச், டி, கே. ஸ்டோருக்கு எம், பி. உடைந்த கொட்டை என்றால் எக்ஸ். விடிந்து எழுந்தால் இதே ஆறு எழுத்துதான்... சிரிக்காதீர்கள், உங்கள் கோப்பியும் இந்தக் கையைத் தாண்டித்தான் வருகிறது.

செல்லத்துரை யார்? எங்கள் கம்பனியின் நில அளவைக்காரர். வடக்கே பெரிய பள்ளியில் படித்தவர். கோட்டு, குடை, அளவுச் சங்கிலி பிடிக்க நாலு ஆள். அந்த உத்தியோகம் — வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் — எனக்கு வந்திருக்க வேண்டியது.

"அண்ணை, ஒரு சின்ன உதவி" என்றார். "ஆத்துக்குக் குறுக்கால மூட்டை கடத்தக் கம்பி கட்டப் போகினம். அகலம் எவ்வளவு எண்டு நாளைக்குத் துரைக்குக் காட்ட வேணும். தண்ணிக்க சங்கிலி போடேலாது. முக்கோணியால கண்டுபிடிக்கலாமாம்... எனக்கு அது விளங்கேல்ல."

விளங்கவில்லையாம்! எந்த முக்கோணியை எழுதி அந்தக் கதிரையில் உட்கார்ந்தாரோ, அதே முக்கோணி!

நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் கம்பனித் துரை அந்த உத்தியோகத்துக்குப் பரீட்சை வைத்தார். எழுத முன்வந்தது இரண்டே பேர். அப்போது கந்தோரில் கிளார்க்காக இருந்த செல்லத்துரை ஒருவர். நான் ஒருவன்.

நான் ஹேவாஹெட்டத் தோட்டத்தில், கூலிக்காரர் லயத்தில் பிறந்தவன். பாதிரிமார் பள்ளியில் மூன்று வருஷம், அவ்வளவுதான் படிப்பு. ஜியோமெட்ரியை ஏலத்தில் எடுத்த ஒரு புத்தகத்தை வைத்து நானே படித்தேன். காய்ச்சலில் செத்துப்போன ஒரு துரையின் சாமான்களோடு வந்த புத்தகம் அது. பாதியைக் கறையான் தின்றிருந்தது. "ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் சமமானால், இரண்டு முக்கோணிகளும் எல்லா வகையிலும் சமம்" — இந்த ஒரு வரி மிச்சம். ஏன் சமம் என்ற நிறுவலும் படமும் கறையான் வயிற்றில்.

என்ன செய்ய? கிழிந்த சாக்கில் ஒரே அளவாக இரண்டு முக்கோணி வெட்டினேன். முனைகளுக்குப் பெயர் வேண்டுமே! கையில் இருந்த பெயின்டாலேயே ஒன்றுக்கு எச், டி, கே என்றும், மற்றதற்கு எம், பி, எக்ஸ் என்றும் போட்டேன். ஒன்றைத் தூக்கி மற்றதன்மேல் வைத்தேன். பக்கம் பக்கத்தோடு பொருந்தியது. இரண்டு முனையிலும் கோணம் சமம், அதனால் மற்ற இரண்டு கோடுகளும் ஒரே வழியில்தான் போக வேண்டும். அப்படியென்றால் அவை சந்திக்கிற இடமும் ஒன்றுதானே? எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை இதற்காகப் போயிற்று. விளங்கிய அன்று ஸ்டோரில் தனியாகக் கை தட்டினேன்.

பரீட்சைக்கு ஒரு கிழமை முன்னால் செல்லத்துரை வந்தார். "பள்ளிக்கூடத்தில பாடமாக்கினது அண்ணை, எல்லாம் மறந்துபோச்சு. ஒருக்காச் சொல்லித் தருவியளே?"

போட்டிக்கு நிற்கிற ஆளுக்குச் சொல்லிக் கொடுப்பார்களா? நான் கொடுத்தேன். படித்த மனுஷன் என்னை மதித்துக் கேட்கிறாரே என்று உச்சி குளிர்ந்துபோயிற்று. அந்தச் சாக்குத் துண்டுகளையும் கொடுத்தேன். மடையன்!

அவர் அதையும் பாடமாக்கினார். வரிக்கு வரி. எழுத்துக்கு எழுத்து. எக்ஸ் உட்பட!

பரீட்சையில் அதே கேள்வி வந்தது. துரை இரண்டு பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எல்லா வகையிலும் சமம். ஒருவன் மற்றவனைப் பார்த்து எழுதியிருக்கிறான். யார்?

"அது மூட்டையில நான் அடிக்கிற எழுத்துங்க துரை" என்றேன்.

"மூட்டை எல்லாரும் பாக்கிறது" என்றார் துரை, தனக்குத் தெரிந்த தமிழில்.

செல்லத்துரையைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். அவர் தன் குடைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு உத்தியோகம் வந்தது. எனக்கு "பார்த்து எழுதினவன்" என்ற பெயர் வந்தது. செய்தி ஹேவாஹெட்டவுக்கும் போயிற்று. அப்பா கோப்பிக் காட்டிலிருந்து நடந்தே வந்தார். சோறுகூடத் தொடாமல் கேட்டார்: "நெசமாவே பாத்து எழுதுனியாடா?" துரை கேட்டது வலிக்கவில்லை. அப்பா கேட்டதுதான் இன்னும் வலிக்கிறது.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருவோம்.

"முதல்ல துரைகிட்ட போயி அது யாரு எழுத்துன்னு சொல்லுங்க" என்றேன்.

"உதை இப்ப ஏன் அண்ணை கிளறுறியள்? முடிஞ்ச கதை."

துரத்திவிட்டிருப்பேன். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது — நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன். "சரி, வர்றேன்" என்றேன்.

புதன்கிழமை காலையில் ஆற்றங்கரைக்குப் போனோம். அக்கரை ஓரத்தில் ஒரு கும்புக் மரத்தைக் குறி வைத்தேன். அதற்கு நேரே இக்கரையில் ஒரு ஆப்பு. கரையோடு நாற்பது அடி நடந்து இரண்டாவது. இன்னும் நாற்பது அடியில் மூன்றாவது. அங்கிருந்து ஆற்றுக்கு முதுகைக் காட்டி நேராக நடந்தேன். இரண்டாவது ஆப்பும் மரமும் ஒரே கோட்டில் தெரிந்த இடத்தில் நாலாவது. கடைசி இரண்டு ஆப்புக்கும் நடுவே எவ்வளவோ, அதுதான் ஆற்றின் அகலம். தண்ணீரில் ஒரு முக்கோணி, தரையில் அதற்குச் சமமாக இன்னொன்று.

பிறகு பெயின்ட் தகரத்தைத் திறந்தேன். நாலு ஆப்பிலும் கொட்டை எழுத்தில் டி, கே, பி, எக்ஸ். எச் அக்கரை மரத்துக்கு, எம்மும் கேயும் ஒரே ஆப்பு. துரை இதைப் பார்ப்பார். என் கையில் பெயின்ட் இருக்கும். அவருக்கு எல்லாம் விளங்கிவிடும்... இரண்டு வருஷக் கறை இன்றோடு போகும். அப்பாவுக்குச் சொல்லி அனுப்பலாம்.

துரை குதிரையில் வந்தார். முதல் ஆப்பைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். எக்ஸுக்கு முன்னால் குனிந்தே நின்றுவிட்டார். நான் பெயின்ட் தகரத்தை அவர் கண்ணில் படும்படி தூக்கிப் பிடித்தேன்.

நிமிர்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "செல்லத்துரை! அதே எழுத்து! அன்னைக்கே எனக்குத் தெரியும், இது உன்னோட எழுத்து!"

என்னைத் திரும்பிப் பார்த்தார். "இவன் எதுக்கு இங்கே?"

"பெயின்ட் அடிக்கக் கூட்டிக்கொண்டு வந்தனான் துரை" என்றார் செல்லத்துரை.

பொய் இல்லையே! பெயின்ட் அடித்தது நான்தானே!

அளவு சரியாக இருந்ததாம். கம்பி வரப்போகிறதாம். செல்லத்துரைக்குத் துரை கை கொடுத்தார். நான் தகரத்தை மூடிக்கொண்டு ஸ்டோருக்கு நடந்தேன்.

உங்களிடம் யாராவது முக்கோணிக்கு உதவி கேட்டு வந்தால் தாராளமாகச் செய்யுங்கள். முனைக்கு முனை எழுத்து மட்டும் போடாதீர்கள் — உங்கள் பெயரைப் போடுங்கள், அப்பா பெயரோடு சேர்த்து.