சீதன வீட்டின் பின்னறை

புளியந்தீவில் இருக்கும் இந்தப் பழைய வீடு என் மனைவியின் சீதனம். அவளுடைய தாய்க்கும் அது சீதனமாகவே வந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணோடுதான் போகும். ஆண் எந்த வீட்டிலும் வந்து இருப்பவன். இது எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. பென்சன் எடுத்த கையோடு வீட்டைத் திருத்த இறங்கிவிட்டேன்.

மூன்று வருடம் நாய்படாத பாடு. முதல் வந்த மேசன், கடலில் எடுத்த முருகைக்கல்லால் கட்டிய சுவருக்குச் சீமெந்து பூசிவிட்டுப் போனார். ஒரு மாரி தாங்கவில்லை. உப்புப் பூத்துப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அவ்வளவையும் சுரண்டிச் சுண்ணாம்புச் சாந்து பூசினோம். கூரையில் கறையான் அரித்த பனை வளைகளை மாற்றி, மிச்சத்துக்கு எண்ணெய் தடவி ஏற்றினோம்.

வாவியைப் பார்த்த பின்னறையில் மட்டும் நான் யார் சொல்லையும் கேட்கவில்லை. ஒரு சுவரைப் பூசாமல் கல் தெரியவே விட்டேன். கட்டிலில் படுத்தபடியே தண்ணீர் தெரியுமாறு யன்னலை இறக்கினேன். என் முழங்காலுக்காகப் படியில்லாத குளியலறை, சுடுதண்ணீர், ஏசி. சாகும்வரை நானும் மனைவியும் இங்கேதான் என்று எண்ணிக்கொண்டேன். அவளிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே தெளிந்திருப்பேன்.

போன ஆவணியில் மகளுக்குக் கலியாணம் பேசி வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"வடிவான வீடு. கலியாணம் முடிஞ்சு மறுகா நீங்க ரெண்டு பேரும் எங்க இருக்கப் போறீங்க?"

கேட்டதில் பிழையில்லை. எல்லாரும் கேட்பதுதான்.

"கல்லடியில தங்கச்சிட வளவுக்குள்ள சின்ன வீடொண்டு கிடக்கு," என்றாள் மனைவி, யோசிக்காமலே.

அவர்கள் போனதும் பாய்ந்தேன்.

"எனக்கிட்ட ஒரு சொல்லுச் சொன்னியா?"

"என்னத்தச் சொல்ற? என்ட அம்மாவும் அப்பாவும் நமக்கு விட்டுக்குடுத்துத்தானே போனவங்க. அண்டைக்கு நீங்க ஒண்டும் கேக்கல்லையே."

அன்றைக்கு மாமாவின் பெட்டியைத் தூக்கி வண்டியில் ஏற்றியவனே நான்தான். அவருடைய முகத்தைப் பார்த்த ஞாபகம்கூட இல்லை.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மகள் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"அப்பா, பின்னறைய நாங்க ஒண்டும் மாத்த மாட்டம். நீங்க வரக்குள்ள தங்கலாம்தானே."

அன்பாகத்தான் சொன்னாள்.

"ஓம் மகள்," என்றேன். மூன்று வருடமும் தெரியாத களைப்பெல்லாம் அப்போதுதான் உடம்பில் வந்து இறங்கியது.